மதிப்பெண்ணுக்குப் பணம், கோடைக்கு ஆய்வு

இயற்பியல் பி.எஸ்சி. சேர்ந்த பிள்ளையிடம் ஊரும் உறவும் முதலில் கேட்பது, "இன்ஜினீயரிங் கிடைக்கலையா?" என்றுதான். விரும்பித்தான் சேர்ந்தேன் என்று சொன்னால் நம்ப ஆளில்லை. அப்படிச் சேருகிறவர்களை மனதில் வைத்தே மத்திய அறிவியல் தொழில்நுட்பத் துறை 2008இல் 'இன்ஸ்பயர்' திட்டத்தைத் தொடங்கியது. அதன் உதவித்தொகை ஆண்டுக்கு 80,000 ரூபாய், எம்.எஸ்சி. வரை அதிகபட்சம் 5 ஆண்டுகளுக்குக் கிடைக்கும்.

பிளஸ் டூவில் தம் வாரியத்தின் முதல் 1 சதவீதத்துக்குள் வந்து, அடிப்படை அறிவியல் படிப்பில் சேர்ந்தவர்கள் விண்ணப்பிக்கலாம். இந்த வழிக்குத் தனித் தேர்வு இல்லை, கோச்சிங் செலவும் இல்லை. வாரியவாரியாகக் கணக்கிடுவதால் நம் மாநிலப் பாடத்திட்ட மாணவர் சி.பி.எஸ்.இ. மாணவரோடு மோத வேண்டியதும் இல்லை. நல்ல மதிப்பெண் எடுத்தவர்களில் பெரும்பாலோர் மருத்துவம், பொறியியல் என்று போய்விடுவதால், அரசுக் கலைக் கல்லூரியில் இயற்பியல் படிக்கும் மாணவிக்கு இது எட்டாத கனி அல்ல.

1999இல் தொடங்கிய கே.வி.பி.ஒய். என்ற உதவித்தொகைத் திட்டம் வேறு மாதிரி. பெங்களூரு இந்திய அறிவியல் கழகம் நடத்திய அதன் தேர்வு மனப்பாடத்தைத் தாண்டிச் சிந்திக்க வைத்தது. ஆனால் வினாத்தாள் ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டுமே. அதை எதிர்த்து மதுரை எம்.பி. சு. வெங்கடேசன் 2021இல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளைக்குப் போனார். 2022இல் அந்தத் திட்டமே இன்ஸ்பயரோடு சேர்க்கப்பட்டுவிட்டது. தமிழ்வழிப் பிள்ளைக்கு ஒரு தடை நீங்கியது உண்மை. ஆர்வத்தை அளந்து பார்த்த ஒரு தேர்வை இழந்ததும் உண்மை. வினாத்தாளைத் தமிழிலும் கொடுத்து அதைத் தொடர்ந்திருக்கலாம் என்பதே என் எண்ணம்.

இன்ஸ்பயர் தொகையில் 60,000 ரூபாய் மாணவர் கைக்கு வருவது. மிச்சம் 20,000 ரூபாய், கோடை விடுமுறையில் ஒரு வழிகாட்டியிடம் ஆய்வுப் பணி செய்வதற்கு. பலரும் முதல் தொகையைப் பற்றியே பேசுகிறார்கள். எனக்கோ இரண்டாவதுதான் பெரிதாகப்படுகிறது.

காரணம் கேட்டால், சென்னை மாநிலக் கல்லூரியில் படித்த சுப்பிரமணியன் சந்திரசேகரைச் சொல்வேன். 1928இல் ஜெர்மானிய இயற்பியலாளர் சோமர்ஃபெல்ட் சென்னை வந்தபோது, இந்த மாணவர் அவர் தங்கியிருந்த ஓட்டலுக்கே போய்ப் பார்த்தார். சோமர்ஃபெல்டின் அணுவியல் நூலைக் கரைத்துக் குடித்திருந்தவர். நீ படித்ததெல்லாம் பழசாகிவிட்டது, குவாண்டம் இயக்கவியல் வந்துவிட்டது என்று விளக்கிய சோமர்ஃபெல்ட், உலோகங்களின் எலெக்ட்ரான் கோட்பாடு பற்றிய தம் கட்டுரையின் அச்சுப்படியையும் கையில் கொடுத்தார். இன்னும் வெளிவராத கட்டுரை அது. மாணவர் அதைப் பிடித்துக்கொண்டு மேலே போனார். சொந்தமாக ஒரு கட்டுரை எழுதி, முன்பின் பார்த்திராத கேம்பிரிட்ஜ் பேராசிரியர் ஃபௌலருக்கு அனுப்பினார். 1929இல் அது லண்டன் ராயல் சொசைட்டியின் ஆய்விதழில் வெளிவந்தது. அப்போதும் அவர் பட்டப்படிப்பு மாணவர்தான்.

1930இல் கல்லூரி முதல்வர் ஃபைசன் அவரைக் கூப்பிட்டு, இங்கிலாந்தில் படிக்க இந்திய அரசின் உதவித்தொகை இருப்பதைச் சொன்னார். தாயார் சீதாலட்சுமி நோயில் கிடந்தார். ஆனாலும் போய் வா என்று சொன்னவர் அவர்தான். அந்த ஜூலையில் பம்பாயில் கப்பலேறிய 19 வயது இளைஞர், வெள்ளைக் குறுமீன்கள் என்னும் விண்மீன்களின் நிறைக்கு ஓர் உச்சவரம்பு உண்டு என்பதைப் பயணத்திலேயே கணக்குப் போட்டார். சூரியனைப் போல் சுமார் 1.4 மடங்கு என்று பின்னர் உறுதியான அந்த வரம்பு இன்று அவர் பெயரால் வழங்குகிறது. நோபல் பரிசு வந்தது 1983இல்.

எல்லோரும் சந்திரசேகர் ஆகிவிட முடியாது. ஆனால் முன்பின் தெரியாத பேராசிரியருக்கு எழுதிக் கேட்கும் துணிச்சல் எந்தக் கல்லூரி மாணவருக்கும் வரக்கூடியதே. இன்ஸ்பயர் கைகூடாதவர்களுக்கும் கோடை வாய்ப்பு உண்டு. பெங்களூரு, டெல்லி, பிரயாக்ராஜ் நகரங்களில் உள்ள மூன்று அறிவியல் அகாடமிகளும் சேர்ந்து இரண்டு மாத ஆய்வு நல்கை தருகின்றன. என்ன ஆய்வு செய்ய விருப்பம் என்று மாணவரே எழுத வேண்டும். ஆசிரியர் பரிந்துரைக்க வேண்டும். "ஐயா, இயற்பியலில் எனக்கு மிகுந்த ஆர்வம்" என்று எழுதினால் போதாது. எந்தப் பாடம், எந்தக் கேள்வி, எதுவரை படித்தாயிற்று என்று எழுத வேண்டும். இதைத் திருத்திக் கொடுக்க ஓர் ஆசிரியர் ஒரு மாலையை ஒதுக்கினாலே பெரிய உதவி.

கல்லூரிகளிடம் கேட்பது ஒன்றுதான். முதலாண்டுச் சேர்க்கை முடிந்த கையோடு, துறைத்தலைவர் மாணவர்களின் பிளஸ் டூ மதிப்பெண் பட்டியலை எடுத்துவைத்து, வாரியத்தின் கட்-ஆஃபைத் தாண்டியவர்களைப் பெயர் சொல்லி அழைக்கட்டும். இணையதள விண்ணப்பத்தைக் கணினி அறையிலேயே உட்காரவைத்துப் போட்டு முடிக்கட்டும். நிறுவனத் தலைவர் கையொப்பமிட வேண்டிய படிவத்தை அன்றே முதல்வர் மேசைக்கு அனுப்பட்டும்.