கணையாழியும் அடையாளமும்

இலங்கையிற் சிறையிருந்த சீதையின்முன் அனுமன் தோன்றியபோது, இவன் தூதனோ, மாயம் வல்ல அரக்கனோ என்னும் ஐயம் எழுதல் இயல்பே. அதனை அகற்றற்கு இராமன் இரண்டு சான்றுகளைக் கொடுத்து விடுத்திருந்தான். ஒன்று, கணையாழி, மற்றொன்று, அவ்விருவர் மட்டுமே அறிந்த சில நிகழ்ச்சிகள். கணையாழியைக் களவாடலாம், இரகசியத்தை ஒட்டுக்கேட்கலாம், இரண்டும் வஞ்சகன் ஒருவனிடத்தே ஒருங்கு வாய்த்தல் அரிது. கணிப்பொறி வல்லார் இந்நாளிற் பல சான்று முறை என வழங்குவது இதுவே. அறிந்தது, வைத்திருப்பது, உடம்போடு கூடியது எனச் சான்றினை அவர் மூவகைப்படுத்துவர். கடவுச்சொல் முதல்வகை, கைப்பேசி இரண்டாம் வகை, விரல் ரேகை மூன்றாம் வகை. வேறு வேறு வகையைச் சார்ந்த இரண்டேனும் வேண்டும் என்பது விதி. இரண்டு கடவுச்சொற்களைக் கேட்டல் இம்முறை ஆகாது. ஒரே தாளில் எழுதப்பட்டு ஒரே நாளிற் களவு போவன அவை.

ஒரு சான்றையே நம்பியதன் கேடு சிலப்பதிகாரத்திற் காணக்கிடக்கின்றது. கையிற் சிலம்பு இருந்தமை ஒன்றே கோவலனைக் கள்வனாக்கிற்று. உள்ளிருக்கும் பரல் முத்தோ மாணிக்கமோ என்று முன்னரே வினவியிருப்பின் மதுரை எரிந்திராது.

இஃது ஆராய்ச்சித் தரவுக்கு எற்றுக்கு எனின், காவேரிப்பாக்கத்தை நோக்குவோம். அவ்வூர்ப் பெரிய ஏரி பாலாற்று அணைக்கட்டின் கால்வாய்நீர் பெறுவது. பாலாறோ தோல் பதனிடும் ஊர்கள் பலவற்றை அடுத்து வருவது. 1996-இல் உச்ச நீதிமன்றம் வேலூர்க் குடிமக்கள் நலமன்ற வழக்கில் தீர்ப்புரைத்தபோது, தோல் பதனிடும் பகுதியில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் முழுதாகவோ ஒரு பகுதியாகவோ பயிருக்கு உதவாது போயிற்று என்னும் கணக்கை எடுத்துரைத்தது. அக்கணக்கு தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் வேலூர் ஆராய்ச்சி நிலையத்தாரது. சர்வகலாசாலை ஏட்டில் ஏறிய எண் நீதிமன்றத்திற் சான்றாக நிற்கும் என்பதற்கு இதனினும் அணித்தான உதாரணம் வேண்டா.

அத்தகைய எண்கள் இன்று கணிப்பொறிகளில் உறைகின்றன. இவ்வூர்க் கிணறுகளின் நீரை மாணாக்கர் குழு ஒன்று அளந்து எழுதுவதாகக் கொள்வோம். ஏட்டில் குரோமியத்தின் அளவு மட்டும் இராது. கிணற்றுக்கு உரியவர் பெயர், சர்வே எண், வீட்டில் யாருக்குத் தோல்நோய் என்பனவும் இருக்கும். ஓர் எண்ணிற் புள்ளி இடம் மாறினால் வழக்கின் போக்கே மாறும். பெயர்கள் வெளிப்பட்டால் நிலத்தின் விலை இறங்கும், பெண்ணுக்கு வந்த வரன் திரும்பிப் போகும். நீர் மொண்டு கொடுத்தவர் கேட்டவரின் சொல்லை நம்பியே கொடுத்தார்.

கடவுச்சொல் ஒன்றே காவலாகாது என்பது பழஞ்செய்தி. மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்துப் பொதுக் கணிப்பொறியில் அது புகுந்து நெடுநாள் ஆகுமுன்னரே, 1962-இல், ஆலன் ஷெர் என்னும் ஆராய்ச்சி மாணாக்கர் தமக்கு அளிக்கப்பெற்ற நேரம் போதாமையால், எல்லோருடைய கடவுச்சொற்களும் அடங்கிய கோப்பை அச்சிடச் செய்து எடுத்துக்கொண்டார். அவர் பகைவர் அல்லர், உடன் பயின்றவரே.

நம் நாட்டில் இரண்டாஞ் சான்று வங்கி வாயிலாகப் பரவியது. ரிசர்வ் வங்கியின் ஆணைப்படி 2009 ஆகஸ்டு முதல் இணையவழி அட்டைச் செலவுகட்கு அது கட்டாயமாயிற்று. ஓ.டி.பி. என்னும் சொல் இன்று மளிகைக் கடைவரை வழங்குகின்றது. ஆராய்ச்சித் தரவுக்கும் அக்குறுஞ்செய்தி போதும் என்பாரோடு யாம் உடன்படோம். குறுஞ்செய்தி வருவது எண்ணுக்கேயன்றி ஆளுக்கன்று. பணங்கட்டாது கைவிட்ட எண் 90 நாள் கழிந்தபின் பிறர்க்கு அளிக்கப்படலாம். போலி ஆவணம் காட்டிப் பிறர் எண்ணைத் தம் சிம் அட்டைக்கு மாற்றிக்கொள்வாரும் உளர்.

இதனினும் நன்று கைப்பேசியில் அமையும் உறுதிச் செயலி. அஃது இயங்கும் முறை மிக அழகியது. முதல்நாளன்று கணிப்பொறி தன் திரையிற் கறுப்பு வெள்ளைக் கட்டப்படம் ஒன்றைக் காட்டும். செயலி அதனைப் படித்துக்கொள்ளும். அதனுள் மறைந்திருப்பது ஓர் இரகசிய எண். அன்றுமுதல் அவ்வெண் இருபாலும் உண்டு. இருபாலும் அதனை அப்போதைய நேரத்தோடு கலந்து கணக்கிட்டு, 30 விநாடிக்கு ஒருமுறை ஆறிலக்க எண் ஒன்றைப் பிறப்பிக்கும். இரண்டும் ஒத்தால் கதவு திறக்கும். அவ்விலக்கம் எங்கிருந்தும் அனுப்பப்படுவது அன்று. ஆதலின் ஏரிக்கரையிற் சிக்னல் இல்லாவிடினும் குறையில்லை. கைப்பேசியின் கடிகாரம் சரியாக ஓடினாற் போதும். 2011-இல் வெளிவந்த ஆர்.எஃப்.சி. 6238 என்னும் ஏடு இதன் இலக்கணம் கூறும். அக்கட்டப்படத்தை நினைவுக்கென்று நண்பர்க்கு அனுப்பி வைப்பவர் வீட்டுச் சாவியை அச்செடுத்துக் கொடுத்தவராவர்.

இதற்கும் குறை உண்டு. போலிப் பக்கத்தில் ஆறிலக்கத்தைத் தட்டினால், கவர்ந்தவன் அந்நொடியே மெய்ப்பக்கத்திற் புகுவான். சிறு திறவுகோல் போன்ற யு.எஸ்.பி. கருவி இதற்கு இடங்கொடாது. முன்னர்ப் பதிவான முகவரிக்கன்றி அது விடை கூறாது. தரவு முழுவதையும் மாற்றவல்ல நிர்வாகிகட்கேனும் அதனை அளித்தல் தகும்.

சர்வகலாசாலை ஆராய்ச்சியாளர் வெளியிலிருந்து நூலகத் தரவுகளை அடைதற்கு இன்ஃப்ளிப்நெட்டின் இன்ஃபெட் கூட்டமைப்பு கையாளும் மென்பொருளின் பெயர் ஷிபோலேத். நியாயாதிபதிகள் புத்தகத்தைப் பயின்றார்க்கு இப்பெயர் புதிதன்று. யோர்தான் துறையில் கீலேயாத்தியர் அச்சொல்லைச் சொல்லச் செய்து, சிபோலேத் என்று திரித்துரைத்த எப்பிராயீமரை வெட்டினர். மாண்டவர் 42,000 பேர். வடமொழி ஒலிக்கு இடர்ப்படும் தமிழருள் எத்தனை பேர் அத்துறையைக் கடந்திருப்போமோ! அது நிற்க. இம்மென்பொருளில் இவர் இன்னார் என உறுதி கூறுவது அவரவர் தாய்க்கலாசாலையே. ஆதலின் இரண்டாஞ் சான்றை அது தன் வாயிலில் ஒருமுறை அமைத்துவிட்டால், ஆண்டிருந்து பிரியும் வழிகட்கெல்லாம் காவலாகும்.

அமைப்போர் பலர் மறப்பது கைப்பேசி தொலையும் நாளை. ஒருமுறை மட்டுமே செல்லும் மீட்பு எண்கள் சில தொடக்கத்திலேயே தரப்படும். அவற்றைத் தாளில் எழுதிப் பெட்டியில் வைத்தல் வேண்டும். அதே கைப்பேசியிற் படமாக வைத்து யாது பயன்? அவையும் தொலைந்தவர், அடையாள அட்டையுடன் அலுவலகத்துக்கு நேரில் வருதலே முறை. தொலைபேசியிற் கேட்ட குரலுக்கு இரங்கிக் கதவைத் திறப்பவர் இரண்டு பூட்டையும் ஒருங்கே உடைத்தவராவர். வீட்டார் அனைவரும் ஒரே கைப்பேசியை ஆளும் குடும்பத்து மாணாக்கர் நம்மிடையே உண்டு. அன்னார்க்கு அச்சிறு யு.எஸ்.பி. கருவியைக் கலாசாலையே கொடுத்தல் வேண்டும். குழு முழுவதற்கும் ஒரே பெயர், ஒரே கடவுச்சொல் என்னும் வழக்கமும் ஒழியவேண்டும். எந்தக் கிணற்றின் எண்ணை எந்நாளில் யார் திருத்தினார் என்பது அப்பொழுதுதான் ஏட்டில் நிற்கும்.