அடிவாரத்தில் வெயில்... ஓடையில் வெள்ளம்! ராஜபாளையம் மலையில் என்ன நடக்கிறது?

ராஜபாளையத்தில் பஸ்ஸை விட்டு இறங்கி மேற்கே பார்த்தால் மலைதான். அதன் உச்சியை ஒட்டித்தான் தமிழ்நாடு - கேரளா எல்லை ஓடுகிறது. அங்கே விழும் மழையும் ரெண்டாகப் பிரியும். மேற்கே விழுந்தால் பெரியாறு வழியாக அரபிக்கடல். கிழக்கே விழுந்தால் வைப்பாறு, மன்னார் வளைகுடா.

இந்தக் கிழக்குச் சரிவு ரொம்பச் செங்குத்து. மேலே கொட்டும் மழை கொஞ்ச நேரத்திலேயே ஓடைக்கு வந்துவிடும். கீழே குளிப்பவர்களுக்கு வெயில்தான் தெரியும், மழை தெரியாது. 2015 மே மாதம் சதுரகிரியில் இப்படி வந்த திடீர் வெள்ளத்தில் பக்தர்கள் உயிரிழந்தார்கள். அய்யனார் கோயில் அருவி, செண்பகத்தோப்பு என எங்கே போனாலும் தண்ணீர் கலங்கினாலோ, இலை தழை அடித்து வந்தாலோ உடனே கரையேறிவிடுங்கள். செல்ஃபி அப்புறம்.

இன்னொன்று, இது காடு. 2021-ல் ஸ்ரீவில்லிபுத்தூர் - மேகமலை புலிகள் காப்பகம் அறிவிக்கப்பட்டது. சாம்பல் நிற அணில்களுக்காக 1988-லேயே சரணாலயமானது இதன் ஒரு பகுதி. அதனால் வனத்துறை கேட் திறந்திருக்கிறதா என்று முதல்நாளே விசாரித்துவிடுவது நல்லது.

கேட் மூடியிருந்தால்? ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆண்டாள் கோயிலின் 11 நிலை ராஜகோபுரம் இருக்கிறது, 2019-ல் புவிசார் குறியீடு வாங்கிய பால்கோவா இருக்கிறது. வரலாறு பிடிக்குமென்றால் தெற்கே செங்கோட்டைக்கு வண்டியை விடலாம். 1956 நவம்பர் 1-ல் தமிழகத்தோடு இணையும்வரை அது மலையாளச் சீமையோடு இருந்த ஊர். திருவிதாங்கூர் காலத்து நுழைவு வளைவு இன்றும் ரோட்டில் நிற்கிறது.