சீட்டு சொல்லும் பதிலும் சீட்டு கேட்கும் கேள்வியும்

சீட்டு என்றால் நம்மவர்களுக்குப் பல பொருள். மாதாமாதம் கட்டுவதும் சீட்டு. கல்யாண வீட்டில் ஜமுக்காளம் விரித்துப் பெரியவர்கள் ஆடுவதும் சீட்டு. கூண்டைவிட்டு வரும் கிளி அலகால் எடுத்துப் போடுவதும் சீட்டு. இப்போது கச்சிபௌலியில் குடியேறியிருக்கும் நம் குடும்பத்துப் பிள்ளைகள் இன்னொரு சீட்டைக் கொண்டுவந்திருக்கிறார்கள். டாரோ என்று பெயர். மேல்நாட்டு ஜோசியச் சீட்டு. ஆனால் பிள்ளைகள் அதில் ஜோசியம் பார்ப்பதில்லை, கதை ஆடுகிறார்கள். "வீட்டில் இது இருக்கலாமா?" என்று சில தாய்மார்கள் என்னிடம் கேட்டதால் இதை எழுதுகிறேன்.

அது என்ன ஆட்டம்?

1974-ம் ஆண்டு கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன் என்ற இரு அமெரிக்கர்கள் 'டன்ஜன்ஸ் அண்டு டிராகன்ஸ்' என்ற ஆட்டத்தை வெளியிட்டார்கள். நம் கச்சிபௌலியில் இருக்கும் ஹைதராபாத் பல்கலைக்கழகம் பிறந்ததும் அதே ஆண்டுதான். மேஜையைச் சுற்றி நாலைந்து பேர் உட்காருவார்கள். ஒருவர் கதையை நடத்துவார்; நம் தெருக்கூத்துக் கட்டியங்காரன் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். மற்றவர்கள் ஆளுக்கொரு வேடம்: ஒருவர் வீரன், ஒருத்தி மந்திரக்காரி, ஒருவர் திருடன். "குகை வாசலில் பூதம் நிற்கிறது, என்ன செய்கிறாய்?" என்று கதை நடத்துபவர் கேட்பார். பிள்ளை பதில் சொல்ல வேண்டும். பலித்ததா இல்லையா என்பதைப் பகடை தீர்மானிக்கும்.

இந்த ஆட்டத்துக்குள் குறி சொல்லும் சீட்டு வந்தது 1983-ல். டிரேசி ஹிக்மன், லாரா ஹிக்மன் என்ற தம்பதியர் எழுதிய 'ரேவன்லாஃப்ட்' என்ற கதையில் ஒரு குறிகாரக் கிழவி வருவாள். அவள் சீட்டு எடுத்துக் குறி சொல்வாள். 2016-ல் வந்த புதுப் பதிப்பில் இதற்கென்றே 54 சீட்டுகள் கொண்ட கட்டு ஒன்று உண்டு. அதில் ஐந்தை எடுப்பார்கள். முதல் மூன்று, மூன்று பொருள்கள் எங்கே ஒளிந்திருக்கின்றன என்று சொல்லும். நான்காவது, துணைக்கு வருபவர் யார் என்று சொல்லும். ஐந்தாவது, கோட்டைக்குள் எதிரி எங்கே காத்திருக்கிறான் என்று சொல்லும். ஆகவே ஒரே கதை ஒவ்வொரு வீட்டிலும் வேறு கதையாகிவிடும். 1995-ல் ஜோனதன் ட்வீட் என்பவர் வெளியிட்ட 'எவர்வே' பகடையையே ஒதுக்கிவிட்டது. அதில் சீட்டின் படம் நேராக விழுந்தால் ஒரு பொருள், தலைகீழாக விழுந்தால் வேறு பொருள்.

விளையாட்டாய்ப் பிறந்தது

நம் தாய்மார்கள் முதலில் அறிய வேண்டியது, டாரோ ஜோசியத்துக்காகப் பிறந்ததே அல்ல என்பதுதான். 15-ம் நூற்றாண்டில் இத்தாலியின் வடபகுதியில் பிரபுக்கள் பொழுதுபோக்காக ஆடிய சீட்டாட்டம் அது. பிரான்சில் இன்றும் அப்படியே ஆடுகிறார்கள். 1781-ல் கூர் த ஜெபலின் என்ற பிரெஞ்சுக்காரர், இது எகிப்தியர் மறைத்துவைத்த ஞானம் என்று எழுதினார். எகிப்தியச் சித்திர எழுத்துகளைப் படிக்கும் வழியை ஷாம்போல்லியோன் வெளியிட்டதோ 1822-ல். ஒரு வரி எகிப்திய எழுத்தையும் யாரும் படிக்க முடியாத காலத்தில் கிளம்பிய எகிப்துக் கதை இது! ஜோசியம் பிறகுதான் ஒட்டிக்கொண்டது.

இது நமக்கு ஒன்றும் புதிதல்ல. சங்க இலக்கியத்தில் கழங்கு வருகிறது. கழற்சிக்காய்தான். பெண்கள் மணலில் உட்கார்ந்து ஆடியதும் கழங்கு. மகளுக்கு என்ன நோய் என்று தாய் கேட்க, வேலன் போட்டுப் பார்த்ததும் கழங்கு. ஒரே காய், இரண்டு வேலை. முருகன் அணங்கியது என்பான் வேலன். ஆனால் அவளுக்கு வந்தது காதல் நோய் என்று தோழிக்குத் தெரியும். புலவர்கள் அந்த வேடிக்கையை எத்தனை விதமாகப் பாடியிருக்கிறார்கள்! காய் தப்புச் செய்யவில்லை. மகளையே கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியதைக் காயிடம் கேட்டதுதான் தப்பு.

இடி விழுந்த கோபுரம்

எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். பேத்தியும் தோழிகளும் ஆடிக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொரு நாள் கதைக்கும் தொடக்கத்தில் மூன்று டாரோ சீட்டு எடுப்பது அவர்கள் வழக்கம். அன்று வந்தது 'கோபுரம்'. உச்சியில் இடி விழுந்து, தீப்பற்றி, இருவர் தலைகீழாக விழும் படம். பார்த்துக்கொண்டிருந்த பாட்டிக்கு நெஞ்சு பதறிவிட்டது. காரணம், அந்த வாரம்தான் மகன் இங்கே பல மாடிக் கட்டடம் ஒன்றில் 22-வது மாடியில் வீடு வாங்க முன்பணம் கொடுக்கவிருந்தார். "கோபுரம் இடிந்து விழுகிறதே, வேண்டாம்டா" என்றார் பாட்டி. வீட்டில் இரண்டு நாள் பேச்சு வார்த்தை இல்லை. கடைசியில், "மாமா, நீங்கள் இன்ஜினீயர், ஒரு வார்த்தை சொல்லுங்கள்" என்று என்னிடம் வந்தார்கள்.

நான் முதலில் கணக்கைச் சொன்னேன். கட்டில் 78 சீட்டு. மூன்று எடுத்தால் கோபுரம் அதில் இருக்கும் வாய்ப்பு 26-ல் ஒன்று. வாரம் ஒருமுறை ஆடினால் சராசரியாக ஆறு மாதத்துக்கு ஒருமுறை கோபுரம் வரத்தான் செய்யும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை கச்சிபௌலியில் கட்டடம் விழுகிறதா?

பிறகு ரயில்வே வழக்கத்தைச் சொன்னேன். ஒற்றைப் பாதையில் டோக்கன் முறை இருந்த இடங்களில், அந்த டோக்கன் கைக்கு வராமல் ஓட்டுநர் வண்டியை எடுக்க மாட்டார். நல்ல நேரம் என்பதால் எதிரே வண்டி வராது என்று எவரும் நம்பிப் புறப்பட்டதில்லை. புதுப் பாதை திறக்கும்போது நாங்களும் தேங்காய் உடைத்தவர்கள்தாம். ஆனால் தேங்காய் உடைத்ததனால் பாலத்தைச் சோதிக்காமல் விட்டதில்லை. ஆகவே, "அம்மாவின் பயத்தைக் கேலி செய்யாதே. அதற்கு மரியாதை கொடுத்துக் காகிதங்களைப் பார்" என்றேன். வில்லங்கச் சான்று, மாநில ரெரா பதிவு, மண் பரிசோதனை அறிக்கை, தீயணைப்புத் துறை அனுமதி. வக்கீல் பார்த்து முடிக்க இரண்டு வாரம் ஆயிற்று. எல்லாம் சரியாக இருந்தது. முன்பணம் கொடுத்தார்கள்.

இதைவிட எனக்குப் பிடித்தது பேத்தியின் கதை. கோபுரச் சீட்டு வந்ததும் அவள் ஆட்டத்தில் தன் கோட்டையைக் காலி செய்து, குழந்தைகளை முதலில் சுரங்க வழியே அனுப்பி, கடைசி ஆளாகத் தான் வெளியேறினாளாம். ஒரே சீட்டுதான். பாட்டிக்கு அது பதில் சொல்லிவிட்டது; பேத்தியிடம் அது கேள்வி கேட்டது.

கிளி சொன்னதும் மக்கள் சொன்னதும்

2024 மக்களவைத் தேர்தலில் கடலூர் தொகுதியில் போட்டியிட்ட திரைப்பட இயக்குநர் தங்கர் பச்சான் பிரசாரத்தின்போது கிளி ஜோசியம் பார்த்தது செய்திகளில் வந்தது. கிளி எடுத்த சீட்டைப் பார்த்து, வெற்றி நிச்சயம் என்றார் ஜோசியர். அடுத்து வந்தது வனத்துறை. 1972-ம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி பச்சைக்கிளியைக் கூண்டில் வைப்பது குற்றம் என்று கிளிகளைக் கைப்பற்றினார்கள். தேர்தலில் வென்றவர் காங்கிரஸ் வேட்பாளர் விஷ்ணு பிரசாத். எந்தக் கட்சியையும் குறை சொல்ல இதை எழுதவில்லை. அந்தச் சீட்டு, தன் கூண்டுக்கு வரப்போகும் வனத்துறையையே கிளிக்குச் சொல்லவில்லை என்பதற்காகச் சொல்கிறேன்.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை

பிள்ளைகளின் சீட்டுக்கட்டைப் பிடுங்கிப் பரண்மேல் போட வேண்டாம். வெளியூரில் வளரும் பிள்ளைகள் செல்போனை வைத்துவிட்டு, ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்து நாலு மணி நேரம் கதை சொல்கிறார்கள். அதுவே பெரிய காரியம். ஆனால் ஒரு கட்டுப்பாடு வேண்டும். ஆட்டத்தில் வந்த சீட்டு ஆட்டத்தோடு முடிய வேண்டும். பரீட்சை, விசா, கல்யாணம், உடம்பு இவற்றுக்குச் சீட்டு எடுக்கக் கூடாது. பிள்ளை பயந்தால், "இந்தச் சீட்டு வந்தது, நீ என்ன செய்வாய்?" என்று கேளுங்கள். யோசிக்க ஆரம்பித்த பிள்ளைக்குப் பயம் பாதி குறைந்துவிடும்.

முடிந்தால் ஒரு ஞாயிற்றுக்கிழமை நீங்களும் உட்காருங்கள். ஏகாதசி இரவில் பரமபதம் ஆடியவர்கள்தானே நாம்! பாம்பு கடித்தால் கீழே இறங்கி, மறுபடி தாயத்தை உருட்டியவர்களுக்கு இந்த ஆட்டம் புரியாமல் போகாது.