மரம் இலை விடுறதுக்குள்ள பூத்து முடிக்கணும்

இன்னைக்கு நாம பேசப்போறது அமெரிக்காவின் வடகிழக்குல, நியூ இங்கிலாந்துன்னு சொல்ற குளிர்ப் பகுதியோட காட்டுப்பூக்கள் பற்றி. குறிப்பா, வசந்தத்தில் மட்டும் தலைகாட்டிட்டு மறையுற பூக்கள்.

அந்தக் காட்டை முதல்ல மனசுல வெச்சுக்குங்க. மேப்பிள், பீச், ஓக் எல்லாம் குளிர்காலத்தில் இலையைக் கொட்டிட்டு மொட்டையா நிக்கும். ஏப்ரல்ல பனி உருகுது. மே மாத நடுவுல மரங்கள் மறுபடி இலை விட்டுடும். அப்புறம் தரையில நிழல்தான். இந்த இடைவெளி கிட்டத்தட்ட ஒரு மாசம். அதுக்குள்ள முளைச்சு, பூத்து, அடுத்த வருஷத்துக்கான சாப்பாட்டைக் கிழங்குல சேர்த்து வைக்கணும். இந்தச் செடிகளோட மொத்த வாழ்க்கையும் இந்தக் கணக்குலதான் ஓடுது.

சில பூக்களைப் பார்ப்போம். பிளட்ரூட்: வெள்ளைப் பூ, ஆனா கிழங்கை வெட்டினா ரத்தம் மாதிரி சிவப்புச் சாறு வரும். பூ வெளியே வரும்போது ஒரே ஒரு இலை அதைச் சால்வை மாதிரி சுத்தியிருக்கும். ட்ரவுட் லில்லிக்கு மஞ்சள் பூ. அதன் இலையில இருக்கிற புள்ளிகள் ட்ரவுட் மீனோட உடம்பை ஞாபகப்படுத்தறதால அந்தப் பேர். ட்ரில்லியத்துக்கு எல்லாமே மூணு: மூணு இலை, மூணு புல்லிதழ், மூணு அல்லிதழ். அதுல சிவப்பு ட்ரில்லியம் அழுகின இறைச்சி மாதிரி நாறும். ஈக்களைக் கூப்பிடத்தான் அந்த நாற்றம்.

வருஷத்துக்கு ஒரு மாசம்தான் வெயில்னா, வளர்ச்சி எப்படி இருக்கும்? ரொம்ப மெதுவா. ட்ரில்லியம் விதை முழுசா முளைச்சு வரவே இரண்டு குளிர்காலம் ஆகும். முதல் பூ வர ஏழு வருஷமோ அதுக்கு மேலேயோ ஆகலாம். ட்ரவுட் லில்லியும் அப்படித்தான். பல வருஷம் ஒத்தை இலையோடவே இருக்கும். இரண்டாவது இலை வந்தாத்தான் பூ.

விதையைப் பரப்புறது யார் தெரியுமா? எறும்புகள். விதையோட ஒட்டிக்கிட்டு கொழுப்புச் சத்துள்ள ஒரு சின்னச் சதை இருக்கும். எறும்பு அதைப் புத்துக்குத் தூக்கிட்டுப் போய் சதையைத் தின்னுட்டு விதையை வீசிடும். ஆனா எறும்பு எவ்வளவு தூரம் போகும்? பெரும்பாலும் சில மீட்டர்தான். அதனால, ஒரு காலத்தில் வயலா இருந்து, கைவிடப்பட்டு, மறுபடி காடான இடங்களில் மரங்கள் திரும்பி வந்துடுச்சு. இந்தப் பூக்கள் பல இடங்களில் இன்னும் வந்து சேரல.

இப்ப இருக்கிற பெரிய கவலை வேற. 'வால்டன்' எழுதிய தோரோ, மாசசூசெட்ஸ் மாநிலத்தின் கன்கார்டு ஊர்ல, 1850-களில் எந்தப் பூ எந்தத் தேதியில் பூத்ததுன்னு குறிச்சு வெச்சிருந்தார். பாஸ்டன் பல்கலைக்கழகத்தின் ரிச்சர்ட் பிரைமாக்கும் அவரோட ஆய்வு செஞ்சவங்களும் அந்தக் குறிப்புகளை இன்றைய நிலையோட ஒப்பிட்டாங்க. வெப்பம் கூடினதால பூக்கள் முன்னாடியே வருது. ஆனா மரங்கள் அதைவிட இன்னும் முன்னாடி இலை விடுது. அதாவது அந்த ஒரு மாச வெயில் சுருங்கிட்டே வருது. கிழங்குல சேரும் சாப்பாடு குறைஞ்சா, அடுத்த வருஷம் பூ குறையும், விதையும் குறையும்.

அங்க இருக்கிற நம்ம ஆட்களுக்கு ரெண்டு விஷயம் சொல்றேன். ஏப்ரல் கடைசியில காட்டுப் பாதையில நடந்து பாருங்க, பூவைப் பறிக்காதீங்க. ட்ரில்லியத்தில் பூவுக்கு நேர் கீழேதான் மூணு இலையும் இருக்கு. காம்போட பறிச்சா அந்த வருஷத்துச் சாப்பாடு முழுக்கப் போச்சு. செடி தேறிவர வருஷக்கணக்காகும், செத்தும் போகலாம். தோட்டத்துக்கு வாங்கினா, காட்டுல தோண்டி எடுத்ததா, நர்சரியிலேயே விதை போட்டு வளர்த்ததான்னு கேளுங்க. ரொம்ப மலிவா பூத்த செடி கிடைச்சா சந்தேகப்படுங்க. ஏழு வருஷம் வளர்த்த ஒருத்தர் அதை அவ்வளவு சல்லிசா விக்கமாட்டார்.