காரை இறக்கியதும் அதிர்வு வருதா? வெளியில் வாங்கும் டிரைவ்டிரெய்ன் பாகங்கள் கைகொடுக்குமா?

ஸ்போர்ட்ஸ் காருக்குக் குட்டை ஸ்பிரிங் மாட்டி, தரையோடு தரையாக இறக்கியாச்சு. பார்க்க செம லுக். ஆனால் ஹைவேயில் கொஞ்சம் மிதித்ததும் சீட்டுக்கு அடியில் ஒரு நடுக்கம். உடனே பக்கத்தில் இருப்பவர் சொல்வார்: "அலுமினிய ஷாஃப்ட் மாத்துங்க, எல்லாம் சரியாயிடும்."

உண்மையிலேயே சரியாகுமா? பணத்தைக் கொட்டுவதற்கு முன், ஃபோர்டு மஸ்டாங் காரை உதாரணமாக வைத்துப் பார்த்துவிடலாம்.

டிரைவ்டிரெய்ன் என்றால் என்ன?

இன்ஜினின் சக்தியைச் சக்கரம் வரை கொண்டுபோகும் பாகங்களின் வரிசைதான் டிரைவ்டிரெய்ன். மஸ்டாங்கில் இன்ஜின் முன்னால் இருக்கிறது, சக்தி பின் சக்கரத்துக்குப் போகிறது. நடுவில் கியர்பாக்ஸ், நீளமான ப்ரொப்பல்லர் ஷாஃப்ட், டிஃபரன்ஷியல், ஆக்ஸில் எல்லாம் உண்டு. கார் கம்பெனி பொருத்தித் தராமல், வெளியில் வாங்கி மாட்டுபவை 'ஆஃப்டர்மார்க்கெட்' பாகங்கள்.

காரை இறக்கினால் ஷாஃப்ட்டுக்கு என்ன ஆகும்?

2005 முதல் 2014 வரை வந்த மஸ்டாங்கில் பின் ஆக்ஸில் ஒரே கட்டையாக இருக்கும். டிஃபரன்ஷியல் அந்த ஆக்ஸிலிலேயே உட்கார்ந்திருக்கும். பாடியை இறக்கினால், ஆக்ஸிலைப் பிடித்திருக்கும் கைகளின் சாய்வு மாறும். அதோடு டிஃபரன்ஷியலின் மூக்கும் மேலேயோ கீழேயோ திரும்பும். சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது.

ஷாஃப்ட்டில் இருக்கும் யுனிவர்சல் ஜாயின்ட் வளைந்த நிலையில் சுற்றினால், சீரான வேகத்தை மறுபக்கம் கடத்தாது. புரிந்துகொள்ள, வளைவு 10 டிகிரி என்று வைத்துக்கொள்வோம். ஒரு பக்கம் நிமிடத்துக்குச் சீராக 3000 சுற்று சுற்றினாலும், மறுபக்கம் சுமார் 2954-க்கும் 3046-க்கும் இடையே ஏறி இறங்கும். ஒரு சுற்றுக்கு இரண்டு முறை, அதாவது நொடிக்கு 100 முறை! நிஜத்தில் வளைவு இதைவிடக் குறைவாகவே இருக்கும். ஆனாலும் சீட்டில் தெரியும் அந்த நடுக்கத்துக்கு இது ஒரு முக்கியக் காரணம்.

இதற்காகத்தான் ஷாஃப்ட்டின் இரண்டு முனைக் கோணங்களும் ஒன்றையொன்று ஈடுகட்டும்படி கார் கம்பெனிகள் அமைக்கின்றன. காரை இறக்கும்போது அந்தக் கணக்கு தவறிப்போகிறது.

அப்போ அலுமினிய ஷாஃப்ட் வேஸ்ட்டா?

வேஸ்ட் இல்லை. ஆனால் இந்த நோய்க்கு அது மருந்தும் இல்லை. எடை குறைவான ஷாஃப்ட் சுற்றுவதற்கு இன்ஜினுக்குச் சிரமம் கொஞ்சம் குறையும். ஆனால் கோணம் தப்பாக இருந்தால், எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய ஷாஃப்ட்டும் அதே கோணத்தில்தான் சுற்றும். நடுக்கமும் போகாது.

இந்த மாடலில் உண்மையில் கைகொடுப்பது, நீளத்தைக் கூட்டிக் குறைக்கக்கூடிய மேல் கண்ட்ரோல் ஆர்ம். அதை வைத்து டிஃபரன்ஷியல் மூக்கின் கோணத்தைத் திருத்தலாம். காரை இறக்கும்போது பின் ஆக்ஸில் ஒரு பக்கமாகவும் நகரும். அதை நடுவுக்குக் கொண்டுவர, நீளம் மாற்றக்கூடிய பான்ஹார்ட் ராடு வேண்டும். இரண்டும் டிரைவ்டிரெய்ன் பாகங்களே இல்லை, சஸ்பென்ஷன் பாகங்கள்!

2015-க்குப் பிந்தைய மஸ்டாங்கில்?

இங்கே கதையே வேறு. 2016-ல் இந்தியாவில் விற்பனைக்கு வந்ததும் இந்த மாடல்தான். இதில் டிஃபரன்ஷியல் சப்ஃபிரேமில் பொருத்தப்பட்டிருக்கும், சக்கரங்கள் தனித்தனியாக ஏறி இறங்கும். அதனால் காரை இறக்கினாலும் ப்ரொப்பல்லர் ஷாஃப்ட்டின் கோணம் மாறாது. மாறுவது, சக்கரத்துக்குப் போகும் இரண்டு சிறிய ஷாஃப்ட்டுகளின் கோணம்.

40 செ.மீ. நீளமுள்ள ஷாஃப்ட் என்று வைத்துக்கொண்டால், 3 செ.மீ. இறக்கும்போது கோணம் 4 டிகிரி அளவுக்கு மாறும். அந்த ஷாஃப்ட்டுகளில் இருக்கும் சிவி ஜாயின்ட், வளைந்தாலும் சீரான வேகத்தைக் கடத்தும் வகை. இந்த மாற்றத்தை அது தாங்கிக்கொள்ளும். அளவுக்கு மீறி இறக்கினால்தான் சூடு, ரப்பர் பூட் கிழிவது, கிரீஸ் வெளியேறுவது என்று பிரச்சினை வரிசைகட்டும். எனவே மிதமாக இறக்கிய காருக்கு விலை உயர்ந்த ஷாஃப்ட் தேவையில்லை.

கியர் மாற்றினால் வேகம் கூடுமா?

கூடும். டிஃபரன்ஷியல் கியர் விகிதத்தை 3.31-லிருந்து 3.73-க்கு மாற்றினால், சக்கரத்துக்குப் போகும் இழுவிசை சுமார் 13 சதவீதம் அதிகமாகும். ஆனால் அதே வேகத்தில் இன்ஜினும் 13 சதவீதம் அதிகமாகச் சுற்றும். பெட்ரோல் செலவும் சத்தமும் ஏறும். கார் இறங்கி இருப்பதற்கும் இதற்கும் சம்பந்தம் கிடையாது.

செலவுக்கு முன் என்ன செய்யணும்?

1. முதலில் வீல் பேலன்ஸ், டயர் சரிபாருங்கள். பல நடுக்கங்கள் இங்கேயே முடிந்துவிடும்.

2. ஜாயின்ட், ஷாஃப்ட்டின் நடு பேரிங், ரப்பர் பூட் தேய்ந்திருக்கிறதா என்று பாருங்கள்.

3. ஷாஃப்ட் கோணத்தை அளக்கச் சொல்லுங்கள். காரின் எடை சக்கரத்தின் மேல் இருக்கும்போதுதான் அளக்க வேண்டும். சக்கரம் தொங்கும்படி தூக்கி வைத்து அளந்தால் கணக்கு தப்பும்.

4. இதற்குப் பிறகும் தேவை என்றால் மட்டும் பாகம் வாங்குங்கள்.

சட்டம் என்ன சொல்கிறது?

ஆர்.சி.யில் உள்ள விவரங்கள் கம்பெனி குறிப்பிட்டதிலிருந்து மாறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு. 2019 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட்டும் இதை உறுதிசெய்தது. அனுமதியில்லாத மாற்றத்துக்கு 6 மாதம் வரை சிறை, அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும் விதிக்கச் சட்டத்தில் இடமிருக்கிறது. எனவே ஸ்பிரிங்கில் கை வைக்கும் முன் ஆர்.டி.ஓ. அலுவலகத்திலும் இன்சூரன்ஸ் நிறுவனத்திடமும் கேட்டுவிடுவது நல்லது.

நடுக்கத்தை 'பழகிடும்' என்று விட்டுவிடாதீர்கள். தேய்ந்த ஜாயின்ட் வேகத்தில் உடைந்தால், காருக்கு அடியில் சுழலும் ஷாஃப்ட் கழன்று விழும் ஆபத்து உண்டு. முதலில் அளவெடுங்க, அப்புறம் பர்ஸைத் திறங்க!