பாட்டியின் கை மெஷின்... லட்சம் பெறுமா, எடைக்குத்தானா?

வெள்ளையடிப்பதற்காகப் பரணை ஒழிக்கும்போது தூத்துக்குடியின் பல பழைய வீடுகளில் வளைந்த மரமூடி போட்ட கனமான பெட்டி ஒன்று கீழே இறங்கும். திறந்தால் கறுப்பு உடல், தங்க நிறப் பூவேலை, பக்கத்தில் சுற்றும் கைப்பிடி. பாட்டி தைத்த 'சிங்கர்' கை மெஷின்!

பழைய இரும்புக்காரர் எடைக்கு விலை சொல்வார். வாட்ஸ்அப்பில் வந்த தகவலை நம்பும் பேரனோ லட்சங்களில் கணக்குப் போடுவார். இரண்டுமே தப்புக் கணக்கு. அப்படியென்றால் உண்மையான மதிப்பு என்ன?

எங்கே பிறந்தது?

மெஷினின் அடித்தட்டில் ஓர் எண் பொறிக்கப்பட்டிருக்கும். 1900-க்குப் பிறகு வந்த சிங்கர் மெஷின்களில் எண்ணுக்கு முன்னால் ஆங்கில எழுத்தும் இருக்கும். Y, EA போன்ற எழுத்துகள் இருந்தால் அது ஸ்காட்லாந்தின் கிளைடுபேங்க் ஆலையில் பிறந்தது. அந்த ஆலை 1980-ல் மூடப்பட்டுவிட்டது. ஆனாலும், அங்குள்ள ரயில் நிலையத்தின் பெயர் இன்றும் 'சிங்கர்'தான்.

இலங்கையில் சிங்கர் 1877-லேயே கால் பதித்துவிட்டது. அந்தக் காலத்தில் கொழும்புக்கான பயணிகள் கப்பல் தூத்துக்குடியிலிருந்துதான் புறப்பட்டது. 1914-ல்தான் அது தனுஷ்கோடி வழிக்கு மாறியது. உங்கள் வீட்டு மெஷின் கொழும்பிலிருந்து வந்ததா, ஊரிலேயே வாங்கியதா என்பதை வீட்டுப் பெரியவர்களிடம் இப்போதே கேட்டு எழுதி வையுங்கள்.

காந்தி சொன்ன விதிவிலக்கு

இயந்திர மோகத்தை எதிர்த்த காந்தி, தையல் மெஷினுக்கு விலக்குக் கொடுத்தார். 1924-ல் இதுபற்றி அவரிடம் கேள்வி கேட்டவர் ஜி.ராமச்சந்திரன் என்ற இளைஞர். பின்னாளில் மனைவி டாக்டர் சௌந்தரத்துடன் சேர்ந்து திண்டுக்கல் அருகே காந்திகிராமத்தை உருவாக்கியவர் இவர்தான். மனிதரின் உழைப்பைப் பறிக்காமல் அதன் பாரத்தைக் குறைக்கும் கருவி என்பதே காந்தியின் பார்வை. கை மெஷினை நம்பிக் குடும்பத்தைக் கரையேற்றிய பெண்களுக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை.

எதற்கு விலை உண்டு?

'நூறு வருஷப் பழசு' என்பதால் மட்டும் விலை ஏறிவிடாது. 1913-ல் மட்டும் கிளைடுபேங்க் ஆலையிலிருந்து சுமார் 13 லட்சம் மெஷின்கள் வெளிவந்தன. ஊர் ஊருக்கு இருக்கும் பொருளுக்குச் சேகரிப்பாளர்கள் கொட்டிக் கொடுக்க மாட்டார்கள்.

உலக அளவில் மவுசு அதிகம் உள்ளது 'ஃபெதர்வெயிட் 221' என்ற சின்ன மின்சார மெஷினுக்கு. 1933 சிகாகோ உலகக் கண்காட்சியில் அறிமுகமானது. அலுமினிய உடல் என்பதால் எடை சுமார் 5 கிலோதான். நல்ல நிலையில் இருந்தால் அமெரிக்காவில் சில நூறு டாலர்களுக்குப் போகிறது. அப்போதும் லட்சங்கள் இல்லை! ஒரு எச்சரிக்கை: அமெரிக்க மாடல் 110 வோல்ட்டுக்கானது. நம் வீட்டு பிளக்கில் நேரடியாகச் செருகினால் மோட்டார் கருகிவிடும்.

மற்ற மாடல்களில் விலையைத் தீர்மானிப்பது நிலைமைதான். பூவேலை அழியாமல் இருக்கிறதா? மரமூடியும் சாவியும் உண்டா? ஷட்டில், பாபின், கூடுதல் பாதங்கள் இருந்த டப்பா, கையேடு எல்லாம் பத்திரமா? இவை ஒன்றாக இருந்தால் மதிப்புக் கூடும்.

'சிவப்புப் பாதரசம்' உஷார்!

2009-ல் சவுதி அரேபியாவில் ஒரு வதந்தி பரவியது. பழைய சிங்கர் மெஷின்களில் 'சிவப்புப் பாதரசம்' இருக்கிறது, ஊசியருகே செல்போனை வைத்தால் இணைப்புத் துண்டிக்கும் என்றார்கள். விலை 50,000 டாலர் வரை எகிறியதாகச் செய்திகள் வந்தன. மெஷின் திருடத் தையல் கடைகளையே உடைத்தார்கள். கடைசியில் போலீஸ் விசாரணை வரை போனது.

அப்படி ஒரு பொருள் உலகத்திலேயே கிடையாது. நம் ஊரில் 'இரிடியம்', 'ரைஸ் புல்லிங்' என்று ஏமாற்றும் கும்பல்களின் அதே கதைதான் இது. கோடியில் வாங்க ஆள் இருப்பதாகச் சொல்லி, 'டெஸ்ட்' செய்ய முன்பணம் கேட்டால் உடனே போலீஸுக்குத் தகவல் சொல்லுங்கள்.

உப்புக்காற்றிலிருந்து காக்க...

* கடலோர ஊர்களில் துருதான் முதல் எதிரி. மெஷினைத் தரையோரம், ஜன்னலோரம் வைக்காதீர்கள்.
* துடைக்க மெல்லிய பருத்தித் துணியும் தையல் மெஷின் எண்ணெயும் போதும். ஸ்பிரிட் பட்டால் தங்கப் பூவேலை போய்விடும்.
* உள்ளே தேங்காய் எண்ணெய் விடாதீர்கள். நாளடைவில் பிசினாகி இறுகிவிடும்.
* புது பெயின்ட் அடிக்காதீர்கள். சேகரிப்பாளர்கள் தேடுவது பழைய உடலைத்தான்.
* மாதம் ஒருமுறை சக்கரத்தைச் சுற்றி, நாலு தையல் போட்டுப் பாருங்கள்.

முத்தைச் சல்லடையில் சலித்துத் தரம் பிரித்த ஊர் தூத்துக்குடி. மெஷினுக்கும் அதே கணக்குதான். விற்பதாக இருந்தால் எண்ணையும் மாடலையும் தெரிந்துகொண்டு விலை பேசுங்கள். அதற்கு முன், பாட்டி இருந்தால் அவர் கையால் ஒரு தையல் போடச் சொல்லி வீடியோ எடுத்து வையுங்கள். மெஷின் விற்றுப்போனாலும் அது உங்களிடம் இருக்கும்.