தசைமெலிவும் கண்ணசைவும்: மதராஸ் இயக்க நரம்பணு நோயை வேறுபடுத்தி அறிதல்

இயக்க நரம்பணுக்கள் அழிவதால் தசை மெலியும் நோய்களுள் ஒன்று சென்னையின் பழம்பெயரைத் தாங்கி நிற்கிறது. சென்னையில் இளவயதினரிடம் காணப்பட்ட இந்நோயின் தன்மைகளை மீனாட்சிசுந்தரம், ஜகந்நாதன், பி. இராமமூர்த்தி ஆகியோர் 1970-இல் பதிவு செய்தனர். ‘மதராஸ் இயக்க நரம்பணு நோய்’ எனப் பெயர் பெற்றாலும் அது நகர எல்லைக்குள் அடங்கியதன்று. தென்மாநிலங்கள் பலவற்றிலும் காணப்படுகிறது. பெங்களூரு நிம்ஹான்ஸ் நிறுவனத்தார் 1971 முதல் 2007 வரை கண்ட 116 நோயாளரைப் பற்றி 2008-இல் எழுதியுள்ளனர்.

பெரும்பாலும் 30 வயதுக்குள் நோய் தலைகாட்டுகிறது. கைகால்கள் மெலிகின்றன; முகமும் நாவும் வலுவிழக்கின்றன; பேச்சு குழறுகிறது; இரு செவிகளும் கேட்கும் திறனை இழக்கின்றன. சிலருக்குப் பார்வை நரம்பும் நலிகிறது. எனினும் நோய் மெல்லவே முற்றுவதால் பலர் பல்லாண்டுகள் வாழ்கின்றனர். நடுவயதுக்குப் பின் தோன்றிச் சில ஆண்டுகளில் உயிர் பறிக்கும் ஏ.எல்.எஸ். நோயினின்று இது வேறுபடுவது இங்கேதான்.

இவ்விரு நோய்களிலும் விழியை அசைக்கும் நரம்பணுக்கள் பெரும்பாலும் தப்பிவிடுகின்றன. ஆதலின் தசைமெலிவோடு கண்ணசைவும் பிறழ்ந்திருப்பின் வேறு நோயை ஐயுற வேண்டும். அவற்றுள் ஒன்று, மும்பை மருத்துவர் நோஷிர் வாடியா 1971-இல் சுவாமியுடன் இணைந்து விளக்கிய பரம்பரைச் சிறுமூளை நலிவு. இன்று அது எஸ்.சி.ஏ.2 எனப்படுகிறது. ஒரு பொருளிலிருந்து மற்றொன்றுக்கு விழி தாவும் வேகம் இதில் வெகுவாகக் குறைகிறது. மூளைத்தண்டில் அத்தாவலைத் தூண்டும் நரம்பணுக்கள் அழிவதே காரணம். நோயாளர் விழிக்கு ஈடாகத் தலையையே திருப்புவர். இரு விரல்களை அகலப் பிடித்து மாறிமாறிப் பார்க்கச் சொன்னாலே இது புலப்பட்டுவிடும். கருவி எதுவும் வேண்டியதில்லை. இந்நோய்க்குரிய ஏடிஎக்ஸ்என்2 மரபணுவின் இடைநிலை நீட்சி ஏ.எல்.எஸ். நோய்க்கான வாய்ப்பைக் கூட்டுவதாக 2010-இல் கண்டறியப்பட்டது. ஆக, இரண்டும் முற்றிலும் தொடர்பற்றவை அல்ல.

செவியிழப்பும் தசைமெலிவும் சேர்ந்து வரும் மற்றொன்று பிரவுன்-வியலெட்டோ-வான் லேர் நோய். மதராஸ் நோயை இது பெரிதும் ஒத்திருக்கும். சிலரிடம் கண்ணசைவுக் குறையும் உண்டு. ரிபோஃபிளேவின் என்னும் வைட்டமின் பி2-ஐ உயிரணுக்களுக்குள் கடத்தும் புரதத்தின் பழுதே இதன் காரணம் என்பதும் 2010-இல்தான் தெரிந்தது. மிகுந்த அளவில் அவ்வைட்டமினைக் கொடுத்தால் நோய் தணிவதுண்டு. குழந்தைகளிடம் உயிரே காக்கப்படலாம்.

மாமல்லபுரக் கரையோரச் சிற்றூரிலிருந்து செங்கல்பட்டு அரசு மருத்துவமனைக்கு வரும் ஓர் இளைஞரிடம் ‘மதராஸ் நோய், மருந்தில்லை’ என்று கூறிவிடுவது எளிது. ஆயினும் மரபணுச் சோதனையின் முடிவுக்குக் காத்திராமல், ஐயம் எழுந்தவுடன் ரிபோஃபிளேவின் தொடங்குவதே இன்று பரிந்துரைக்கப்படும் முறை.